விரல் நின்ற இடம்

"மிஸ், உங்க கம்ப்யூட்டர் கூசாம பொய் சொல்லுது!"

கம்ப்யூட்டர் சென்டரின் கீழ்த்தளத்திலிருந்து மாடியேறி வந்த வேகத்தில் குணவதிக்கு மூச்சு வாங்கியது. ஐம்பத்திரண்டு வயது. ஏரிக்கரைத் தெருக்காரி. அந்தத் தெருவையே இடிக்கப் போகிறார்கள். நாளைக்குத் தாலுகா ஆபீசில் கடைசி விசாரணை.

தெருவின் மனுக்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன. வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்து அச்சடிக்க அவளே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். வேறு யாராவது செய்து தரட்டுமே என்றால் கேட்டால்தானே? "இடிக்கப் போறது என் வீட்டை. நான்தான் எழுதுவேன்" என்றுவிட்டாள். அவளிடம் யாரால் வாய் கொடுக்க முடியும்?

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த பெனாசிருக்கு அவள் மகள் வயதுகூட இருக்காது.

"என்ன பொய்க்கா?"

"ஃபைலைப் படிச்சுக் காட்டுன்னேன். அத்தனையும் ஸ்கிரீன்ல காட்டுச்சு. அடுத்த வரியில, அதையே படிச்சு 'மனு'ன்னு ஒரு வேரியபிள்ல, அதான் நீங்க சொன்ன டப்பாவில, போட்டு வைன்னேன். ஒண்ணுமே இல்லைங்குது! பிரிண்ட் எடுத்தா வெள்ளைத் தாள் வருது."

"ஃபைல் அழிஞ்சிடுச்சா?"

"எங்க அழிஞ்சுது? குத்துக்கல்லாட்டம் அங்கேயேதான் இருக்கு. இப்பதான் படிச்சுது, அதுக்குள்ள இல்லைங்குது. அநியாயமா இல்ல?"

பெனாசிர், குணவதி கையால் எழுதி வைத்திருந்த மனுவை எடுத்து அவள் முன்னால் போட்டாள்.

"விரல் வச்சுப் படிங்க."

குணவதி படித்தாள். கரண்ட் பில், ரேஷன் கார்டு, புருஷன் தன் கையாலேயே கட்டிய சுவர். 'நாங்கள் போக மாட்டோம்' என்ற கடைசி வரியில் விரல் நின்றது.

"விரலை எடுக்காதீங்க. அங்கேயிருந்து இன்னொரு தடவை படிங்க."

"அதான் முடிஞ்சு போச்சே மிஸ். இதுக்குக் கீழே வெறும் தாள்."

"அப்ப மனுவில ஒண்ணுமில்ல?"

"யார் சொன்னா இல்லைன்னு? இத்தனை நேரம் நான் என்ன..."

நிறுத்தினாள். விரலைப் பார்த்தாள். மெல்ல அதைத் தூக்கி முதல் வரியில் வைத்தாள். "கம்ப்யூட்டர் விரலும் கடைசியிலேயே நின்னுடுச்சா மிஸ்?"

பிறகு கீழே இறங்கிப் போய்க் கம்ப்யூட்டரில் அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே புதிதாக ஒரு வரி சேர்த்தாள். ஆரம்பத்துக்குப் போ என்று. கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் இரைய ஆரம்பித்தது.

மறுநாள் தாலுகா ஆபீசில் அதிகாரி மனுக்கட்டை வாங்கினார். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். பேனாவைத் திறந்தார்.

"இதையெல்லாம் போன மாச விசாரணையிலேயே படிச்சாச்சும்மா. இதுல ஒண்ணும் இல்ல. கிளம்புங்க."

பின்னால் இருந்த தெருக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். யாரோ ஒரு பெண் அழுதாள்.

குணவதி எழவில்லை. மேசைக்குக் குறுக்கே கையை நீட்டிக் மனுக்கட்டை மொத்தமாக முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். முதல் வீட்டு மனுவின் முதல் வரியில் விரலை அழுத்தி வைத்தாள்.

"இங்கேயிருந்து படிங்க சார். நான் விரலை எடுக்க மாட்டேன்."