அடிவைக்கோல்

இங்கிலாந்தின் தெற்கே ஒரு கிராமம். அங்கே ஓக் மரச் சட்டங்களால் கட்டிய ஒரு வீடு ஐந்நூறு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது. வைக்கோல் கூரை. அதைச் செப்பனிட ஹெஸ்டர் வந்திருந்தார். கூரை வேய்வதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரிடம் தொழில் பழகிய சைலஸ் ஓய்வுபெற்ற தபால்காரர். குருவைவிடச் சிஷ்யருக்கு இருபத்துநான்கு வயது கூடுதல்.

"வாத்தியாரம்மா, ஒன்று கேட்கலாமா?"

"ஏணியை விட்டுவிடாமல் கேளுங்கள்."

"சனிக்கிழமை எனக்குக் கல்யாணம்."

"ஊருக்கே தெரியும். அழைப்பிதழை நீங்களேதானே வீடு வீடாகப் போட்டீர்கள்!"

சைலஸ் சிரிக்கவில்லை.

"ரூத் நல்லவள். ஆனால் என் மனைவி டோரா இறந்து ஏழு வருஷமாகியும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. நேற்று ரூத்தை 'டோரா' என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் பாட்டுக்குத் தேநீர் ஊற்றினாள். பழசை அடியோடு வழித்தெறியாமல் இவள் கையைப் பிடிப்பது துரோகம். கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்."

ஹெஸ்டர் கூரைமேல் குனிந்தார். மக்கிப்போன மேல்வைக்கோலை வாரிக் கீழே தள்ளினார்.

"கையை உள்ளே விடுங்கள். இன்னும் ஆழமாக."

சைலஸின் கை தோள்வரை போயிற்று. விரலில் பட்டதை மெல்ல இழுத்தார். ஒரு கோதுமைக் கதிர். கரிக்கறுப்பு. மணி இல்லை, ஆனால் ஓர் உமிகூட உதிரவில்லை.

"இது எந்தக் காலத்தது?"

"வீடு கட்டிய வருஷத்து அறுவடை. அப்போது புகைபோக்கி கிடையாது. நடுவீட்டில் தீ மூட்டுவார்கள். அந்தப் புகை."

சைலஸ் தொப்பியைக் கழற்றினார். முகம் தெரியாத யாரோ ஒருத்தி மூட்டிய அடுப்பு அவர் உள்ளங்கையில் கிடந்தது. மோந்து பார்த்தார். இன்னும் புகை மணத்தது.

"இத்தனை காலத்தில் யாருமே இதை எடுத்துப் போடவில்லையா?"

"மேலே மேலே வேய்ந்தார்கள்."

ஹெஸ்டர் புது வைக்கோல் கட்டு ஒன்றை விரித்தார். இரு முனையும் சீவிய குச்சியை வளைத்து அவரிடம் நீட்டினார்.

"அடியுங்கள்."

அடித்தார். புதுக்கட்டு அசையாமல் இறுகிற்று.

"இந்தக் குச்சி எதில் குத்தி நிற்கிறது, சைலஸ்?"

சைலஸ் குச்சியை இழுத்துப் பார்த்தார்; அது அடிவைக்கோலைக் கவ்வி நின்றது. பிறகு கதிரை எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகி, அதன்மேல் அடுத்த கட்டை விரித்தார். குச்சிக்குக் கை நீட்டினார்.

குச்சியைக் கொடுத்துக்கொண்டே ஹெஸ்டர் கேட்டார்:

"சனிக்கிழமை சர்ச்சுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும்?"