பிள்ளையைப் பாக்காம கை நனைக்காத ராசா

முன்னொரு காலத்துல, கடலுக்கும் தேரி மணலுக்கும் நடுவுல சூசையார்விளைன்னு ஒரு ஊரு இருந்துச்சு மக்கா. அந்த ஊர்ல ஒரு கோயிலு, கோயிலுக்கு ஒரு மணி, அந்த மணியை விடப் பெருசா சத்தம் போடுத ஊர்த்தலைவர் ஒருத்தர். அவரு பேரு ஞானாதிக்கம். பேருல இருந்த ஞானம் ஆளுகிட்ட கொஞ்சம் கம்மி. சிரிக்காதலே, கேளு.

அதே ஊர்ல கடைசிக் குடிசையில அடைக்கலம்னு ஒரு ஆடு மேய்க்கிறவன் இருந்தான். மனசுல பட்டதை மறைக்கத் தெரியாது அவனுக்கு, அதனால ஊரே அவனைக் கோட்டிக்காரன்னு, கிறுக்கன்னு சொல்லும். அவன் பொண்டாட்டி மதலேன். தங்கமான பிள்ளை. ஆனா பாவம், பெத்த பிள்ளை ஒண்ணும் அவளுக்குத் தங்கல. அழுதா, அழுதா, அழுது ஓஞ்சு போயி, ஒருநாள் கோயில்ல முட்டுப்போட்டு ஒரு நேர்ச்சை செஞ்சா. "ஆண்டவரே, இந்த வயித்துப் பிள்ளையைத் தங்க வையும். பொறந்த வருசமே உம்ம பாலனை என் கையால முன்னணையில படுக்க வைக்கேன்"னு. அப்புறம் கார்த்திகை கடைசியில அவளுக்குக் கொழுகொழுன்னு ஒரு பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு, அதுவும் நல்லாத் தங்குச்சு.

ஏன் அப்படி நேர்ந்தான்னு கேளுங்க. அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. கோயில்ல மரத்துல செஞ்ச பாலன் சுரூபம் ஒண்ணு, முழங்கை நீளந்தான் இருக்கும். மார்கழி பொறந்ததும், அந்த வருசம் ஊர்ல கடைசியாப் பிள்ளை பெத்தவ யாரோ, அவ வீட்டுக்குப் பாலனைக் கொடுத்து விட்டுருவாவ. பணக்காரி, ஏழைங்கிற பேச்சே கிடையாது. தன் பிள்ளையைப் பாக்குத மாதிரி அவரையும் பாக்கணும். எண்ணெய் தொட்டுத் துடைச்சு, துணி சுத்தி, தொட்டில் பக்கத்துலயே வச்சிக்கிடணும். அவரு பொறந்த திருநாள் அன்னைக்கு ஒரு சுளகுல, அதான் முறத்துல, வைக்கல் பரப்பி, அதுல பாலனைக் கிடத்தி, கோயில் வாசல்ல போட்டிருக்க குடிலுக்கு அவதான் தூக்கிட்டு வரணும். நம்ம பிள்ளையளையும் பொறந்ததும் சுளகுலதான போடுதோம், அதே மாதிரி. குடிலுக்குள்ள மாடு தீனி திங்கிற தொட்டி இருக்கும்லா, அதான் முன்னணை, அதுல அவ கையால பாலனைப் படுக்க வச்ச பொறவுதான் மணி அடிக்கும், பூசை நடக்கும், பலகாரம் வாயில படும்.

அந்த வருசம் கடைசியாப் பெத்தவ மதலேன்தான், பாலனும் அவ வீட்டுக்கு வந்தாச்சு. அப்படி இருக்கையில, ராசா கடற்கரைப் பக்கம் வாராராம், நம்ம ஊர்த் திருநாளுக்கும் எட்டிப் பாப்பாராம்னு சேதி வந்துச்சு. ராசா நம்ம வேதம் இல்ல, ஆனா நல்ல மனுசன். சேதியைக் கேட்டதுல இருந்து ஞானாதிக்கத்துக்குக் கால் தரையில நிக்கல. ராசா கையால ஒரு பட்டுத் தலைப்பாகை கட்டிக்கிடணும், பக்கத்து ஊர்க்காரனெல்லாம் வயிறெரியணும், அதான் அவரு மனசுல ஓடுச்சு. அப்புறம் என்ன, நேரா மதலேன் குடிசைக்கு வந்து நின்னாரு.

"ஏளா மதலேன், இந்த வருசம் நீ சுளகைத் தூக்கிட்டு வரவேண்டாம்."

"ஏன் தலைவரய்யா? நான் நேர்ச்சை போட்டிருக்கேனே."

"ராசா வாராரு. நீ கிழிஞ்ச சேலையும் ஓட்டைச் சுளகுமா முன்னால நடந்தா ஊரு மானம் என்னாகும்? பாலனுக்குச் சப்பரம் செய்யச் சொல்லியிருக்கேன். பட்டு மெத்தை, சரிகைத் திரை. ராசா மாதிரி வருவாரு பாரு."

"அவரு மாட்டுக்கொட்டில்லதான ஐயா பொறந்தாரு?"

"எதுத்துப் பேசுதியோ? நீ கோயில் பக்கம் தலையே காட்டக்கூடாது. மீறி வந்த, உன் புருசன் இந்த ஊர் எல்லையில ஆடு மேய்க்க முடியாது, சொல்லிட்டேன்."

சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டாரு மனுசன். கொஞ்சம் குனிஞ்சு உள்ள பாத்திருந்தா, தொட்டில் பக்கத்துல பாலன் படுத்திருக்கிறது தெரிஞ்சிருக்கும். குனிஞ்சா தலையில கட்டின துண்டு கலைஞ்சிருமேன்னு அவரு குனியல.

அப்புறம் ஊரு பட்ட பாடு இருக்கே! மூங்கிலை வளைச்சு, காகிதம் ஒட்டி, தென்னைமரம் உசரத்துக்கு ஒரு நட்சத்திரம் கட்டுனாவ. குடிலுக்குள்ள மலை செஞ்சாவ, ஆறு செஞ்சாவ, ஆத்துக்குள்ள மீனு கூட விட்டாவ. அதிரசம் சுட்டாவ, முந்திரிக்கொத்து சுட்டாவ, முறுக்கு சுட்டாவ. ஞானாதிக்கம் கம்பை ஊனிக்கிட்டு ஒவ்வொரு இடமாப் போயிக் கேட்டாரு. "நட்சத்திரம் ஆச்சா?" "ஆச்சு." "சப்பரம் ஆச்சா?" "ஆச்சு." "பலகாரம் ஆச்சா?" "ஆச்சு." பாலன் வந்தாச்சான்னு அவரு கேக்கல. வேற யாருமே கேக்கல. சப்பரம் கட்டினவன், கோயில்ல இருந்து யாராவது எடுத்து வைப்பாவன்னு நினைச்சான். கோயில்ல இருந்தவன், சப்பரம் கட்டினவன் எடுத்திருப்பான்னு நினைச்சான். வருசா வருசம் ஒரு தாய் பாத்த வேலை, அவளை வேண்டாம்னு சொன்னதும் அந்த வேலை யாரு கையிலயும் இல்லாமப் போச்சு. எப்படி இருக்கு பாத்தீங்களா நம்ம ஆளுக லட்சணம்!

திருநாளும் வந்துச்சு. மதலேன் குளிச்சு, பிள்ளையைக் குளிப்பாட்டி, பாலனையும் துடைச்சு, சுளகுல வைக்கல் பரப்பித் தயாரா வச்சிருந்தா. தூக்கிட்டுப் போகத்தான் விடமாட்டாவ, எடுத்துட்டுப் போகவாவது ஆள் வருமேன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. வெயிலு ஏறுச்சு, ஆள் வரல. வெயிலு இறங்குச்சு, ஆள் வரல. கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டுச்சு, அப்பவும் ஆள் வரல. போனா புருசன் பிழைப்பு போச்சு. போகாட்டி பாலன் இல்லாத குடிலு, நேர்ச்சையும் பாக்கி. பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, "ஆண்டவரே, நான் வாக்குத் தப்பணும்னு நினைக்கல, உமக்கே தெரியும்"னு சொல்லி அழுதா.

அடைக்கலத்துக்குப் பொறுக்கல. "ஏளா, நான் போயிச் சொல்லிட்டு வரட்டா?"

"வேண்டாம்யா, நீ போனா வாயை வச்சிக்கிட்டு இருக்கமாட்ட. தலைவரு கோவத்துல இருக்காரு."

"சும்மா நின்னு பாத்துட்டு வாரேன்."

"நீயா வாயைத் திறக்காத. யாராவது கேட்டா மட்டும் சொல்லு."

"கேட்டாத்தான் சொல்லணும், அப்படித்தான?"

"அப்படித்தான்."

சரின்னு அவன் போயி, கூட்டத்துக்குப் பின்னால ஒரு பூவரச மரத்தடியில வாயைப் பொத்திக்கிட்டு நின்னான்.

பொழுது சாயுத நேரம், ராசா வந்து இறங்கினாரு. ஞானாதிக்கம் மாலையைப் போட்டு, கையைப் பிடிச்சு, பந்தலுக்குக் கூட்டிட்டுப் போயி, இலையைப் போட்டு, "மகாராசா, அமரணும், எங்க வீட்டுப் பலகாரம் ஒரு வாய் சாப்பிடணும்"ன்னாரு.

ராசா உக்காரல. "இன்னைக்கு என்ன விசேசம் ஞானாதிக்கம்?"

"கடவுள் பிள்ளையாப் பொறந்த நாளு மகாராசா."

"நல்லது. எங்க வம்சத்துல ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை பொறந்த வீட்டுக்குப் போனா, பிள்ளையைப் பாக்காம கை நனைக்கமாட்டோம். பிள்ளை எங்க?"

ஞானாதிக்கம் சிரிச்சுக்கிட்டே மேல கையைக் காட்டினாரு. "முதல்ல இந்த நட்சத்திரத்தைப் பாருங்க. இந்தச் சீமையிலயே இவ்வளவு பெருசு கிடையாது."

ராசா பாத்தாரு. "அழகா இருக்கு. பிள்ளை எங்க?"

"இந்தக் குடிலைப் பாருங்க மகாராசா. மலையைப் பாருங்க, ஆத்தைப் பாருங்க, மீனைப் பாருங்க."

ராசா குனிஞ்சு பாத்தாரு. "ரொம்ப அழகா இருக்கு. பிள்ளை எங்க?"

"இதோ வாராரு, சப்பரத்துல!"ன்னு சொல்லி, கொட்டை முழக்கச் சொல்லி, ஞானாதிக்கம் தன் கையாலயே சரிகைத் திரையை விலக்கினாரு. உள்ள பட்டு மெத்தை இருந்துச்சு. மெத்தை மேல ஒண்ணும் இல்ல.

கொட்டு நின்னு போச்சு. கொட்டுக்காரன் கம்பைத் தூக்கினவன் தூக்கினபடியே நிக்கான். ஞானாதிக்கத்துக்கு முகத்துல ஈ ஆடல. நாக்கைச் சுழட்டி, "பிள்ளை... பிள்ளை தூங்குது மகாராசா"ன்னாரு.

"தூங்கினா என்ன, எட்டி நின்னு பாத்துக்கிடுதேன். எங்க தூங்குது?"

இவரு திரையைத் திரும்ப இழுத்து மூடுதாரு. ராசா கூட்டத்தைப் பாத்துத் திரும்பினாரு. "இத்தனை பேரு இருக்கீங்களே, பிள்ளை எங்கன்னு யாருக்குமா தெரியாது? நான் கேக்கேன், சொல்லுங்க!"

பின்னால இருந்து ஒரு சத்தம். "எங்க வீட்டுல இருக்கு ராசா!"

அடைக்கலம்தான். ஞானாதிக்கம் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "அவன் கோட்டிக்காரன் மகாராசா"ன்னாரு. அடைக்கலம் விடல. "கேட்டா மட்டும் சொல்லுன்னா என் பொண்டாட்டி. காலையில இருந்து யாருமே கேக்கல. ராசா கேட்டாவ, சொல்லிட்டேன். இதுல என்ன கோட்டித்தனம்?"

ராசா அவன்கிட்ட என்ன நடந்துச்சுன்னு கேட்டாரு. சுளகு, ஆடு மேய்க்க விடமாட்டேன்னது, ஊருக்கே தெரிஞ்ச தலைப்பாகை ஆசை வரைக்கும் அவன் சொல்லச் சொல்ல, அவன் தோள்ல கையைப் போட்டு நடந்தாரு. ராசா நடந்தா ஊரு நிக்குமா? நட்சத்திரத்தை விட்டு, சப்பரத்தை விட்டு, பலகாரத்தை விட்டு, ஊரே மணல்ல கால் புதையப் புதையக் கடைசிக் குடிசைக்குப் போச்சு. வாசல் சின்னது. ராசா கிரீடத்தைக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, குனிஞ்சு உள்ள போனாரு. அங்க மதலேன் பிள்ளையை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா, பக்கத்துல சுளகுல பாலன்.

அவ பதறி எந்திரிக்கப் போனா. "உக்காரும்மா"ன்னாரு ராசா. "இந்தப் பிள்ளைக்கா ஊரே இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணுது?"

"ஆர்ப்பாட்டம் அவரு கேக்கல ராசா"ன்னா மதலேன். "கடவுள் மனுசனாப் பொறக்க வந்தப்ப, ஊர்ல ஒருத்தரும் இடம் கொடுக்கல. மாட்டுக்கொட்டில்லதான் பொறந்தாரு. அதுவும் நல்லதுதான். அரண்மனையில பொறந்திருந்தா எங்களை மாதிரி ஆளுக எப்படிப் போயிப் பாக்க? கொட்டில்னா யாரும் கூச்சப்படாம போகலாம்லா."

ராசாவுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு மக்கா. கொண்டு வந்திருந்த வெள்ளி அரைஞாணைப் பாலன் காலடியில வச்சுக் கும்பிட்டாரு. வெளிய வந்தாரு. ஞானாதிக்கம் ஒரு ஓரமா நிக்காரு.

"பிள்ளையை மறந்துட்டுப் பொறந்தநாள் கொண்டாடுத ஊரை இன்னைக்குத்தான்வே பாக்கேன்"ன்னாரு ராசா. "பட்டுத் தலைப்பாகை மேல உமக்கு ரொம்ப ஆசையாமே? அந்தத் தலையில வைக்கல் கட்டு ஏறட்டும். இந்த அம்மா பாலனைத் தூக்கிட்டு வருவா, நீரு முன்னால முன்னணைக்கு வைக்கல் சுமந்துட்டுப் போகணும். இந்த வருசம் மட்டும் இல்ல, உம்ம காலம் முடியுத வரைக்கும். இந்த ஆட்டுக்காரன் எந்த எல்லையிலயும் மேய்ப்பான், எவனும் கேக்கக் கூடாது."

எப்படி! கம்பை ஊனிக்கிட்டு மிரட்டுன மனுசன், வைக்கல் கட்டைத் தலையில வச்சிக்கிட்டு நடந்தாரு. வைக்கல் கழுத்துல குத்துது, சொறியக் கையில்ல. அவருக்குப் பின்னால மதலேன் கிழிஞ்ச சேலையோட, கையில சுளகோட. அவளுக்குப் பின்னால அடைக்கலம், தோள்ல பிள்ளை. அப்புறம் ராசா, அப்புறம் ஊரு. குடிலுக்கு வந்து பாத்தா, முன்னணையில இடமே இல்ல. ஞானாதிக்கம் முன்னமே அதுக்குள்ள பழத்தையும் கண்ணாடி விளக்கையும் அடுக்கி வச்சிருந்தாரு. அவரே குனிஞ்சு எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சு, வைக்கலைப் பரப்பினாரு. "நான்தான் உமக்கு இடமில்லாம பண்ணிட்டேன் சாமி"ன்னு மெதுவாச் சொன்னாரு. பக்கத்துல நின்னதால மதலேனுக்கு மட்டும் அது கேட்டுச்சு. அவ யாருகிட்டயும் சொல்லல.

அப்புறம் அவ பாலனை ரெண்டு கையாலயும் ஏந்தி, தலைக்குக் கையைக் கொடுத்து, நம்ம பிள்ளையை எப்படிப் படுக்க வைப்போமோ அப்படிப் படுக்க வச்சா. சட்டுன்னு கையை எடுக்க அவளுக்கு மனசு வரல. அவ எடுக்கிற வரைக்கும் ஊரே காத்துக்கிட்டு நின்னுச்சு, ராசாவும் நின்னாரு. அப்புறம்தான் மணி அடிச்சுது. அன்னைக்கு ராசா மணல்லயே சம்மணம் போட்டு உக்காந்து அதிரசம் தின்னாரு, அடைக்கலம் அவருக்குச் சரியா உக்காந்து தின்னான்.

ஞானாதிக்கம் என்ன ஆனாருன்னு கேக்கியா? மறுவருசம் முணுமுணுத்துக்கிட்டே வைக்கல் சுமந்தாரு. அதுக்கடுத்த வருசம் முணுமுணுக்காம சுமந்தாரு. அதுக்கும் அடுத்த வருசம், கிழவரு பாவம், நாங்க சுமக்கோம்னு வாலிபப் பயலுக கேட்டதுக்கு, "போங்கலே, இது என் வேலை"ன்னு கட்டை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டாரு.

நட்சத்திரம் கட்டுங்க, பலகாரம் சுடுங்க, புதுத்துணி உடுத்துங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா பாலனை முதல்ல படுக்க வச்சிட்டு மத்ததைப் பாருங்க. அவ்வளவுதான் கதை. சொன்னவளுக்குத் தொண்டை காஞ்சாச்சு, கேட்டவனுக்குக் கண்ணு சொருகியாச்சு. சிலுவை போட்டுட்டுப் படுங்க மக்கா.