சிவப்பு டிராக்டரின் சத்தம்

கயத்தாறு ரோட்டில் பழைய டிராக்டர் விற்கும் தணிகாசலத்தின் ஷெட் சுவரை ஒட்டித்தான் பேச்சியம்மாளின் டீக்கடை. சிவப்பு டிராக்டரை விலை பேச வந்த செல்லையா அவளிடம் டீ குடித்தார்.

"மூணு மாசமா நிக்குதுண்ணே. அது சத்தத்த மட்டும் நான் கேட்டதே இல்ல," என்றாள் அவள்.

ஷெட் வாசலில் நின்று கேட்ட தணிகாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டீ ஆத்துறவளுக்கு இன்ஜினப் பத்தி என்ன தெரியும்? ஷட்டர இறக்கிட்டு உள்ள மூணு வண்டிய ஓட்டுறேன். எது என்ன இன்ஜின்னு சொல்லு. ஒண்ணு தப்புனாலும் கடையக் காலி பண்ணணும்!"

"ஓட்டுங்க முதலாளி."

ஷட்டர் இறங்கியது. உள்ளே டுப்டுப் என்று முதல் சத்தம்.

"ஒத்த சிலிண்டர். பவர் டில்லர்."

அடுத்தது தடதடத்தது.

"மூணு சிலிண்டர். நீல டிராக்டர்."

மூன்றாவது சத்தம் கம்பீரமாக உறுமியது. செல்லையாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சிவப்பு வண்டிதான! என்னமா ஓடுது!"

பேச்சியம்மாள் சுவர்ப்பலகையில் கவிழ்த்திருந்த கிளாஸ்களைப் பார்த்தாள்.

"நாலு சிலிண்டர். ஆனா உள்ள ஓடுறது வண்டி இல்ல, ஸ்பீக்கர். அந்தச் சின்ன டில்லருக்கே இந்த கிளாஸெல்லாம் கிணுகிணுன்னு ஆடுச்சு. இவ்வளவு பெரிய வண்டி ஓடுது, ஒண்ணுகூட அசையல பாருங்க."

செல்லையா ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினார். பேட்டரிகூட இல்லாத சிவப்பு டிராக்டரின் சீட்டில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கையில் போனோடு தணிகாசலம்.

"பிடிச்சிருந்தா வாங்கிக்கோங்கண்ணே," என்றாள் பேச்சியம்மாள், அடுத்த டீயை ஆற்றிக்கொண்டே. "போன்ல சார்ஜ் இருக்கும்போதே உழுது முடிச்சிரணும்."