எலும்புக்கு விலாங்கின் குரல் கேட்பது ஏன்

மீனும் மிருகமும் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பொருநை ஆற்றங்கரைப் பொந்து ஒன்றில் ஒரு நீர்நாய் குடியிருந்தாள். உலகத்திலேயே முதன்முதலாகத் தன் குட்டிக்குப் பால் கொடுத்தவள் அவள்தான். பால் என்ன சும்மா சுரக்குமா? அதற்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பு அவள் எலும்பில்தான் இருந்தது.

எலும்புக்குள் அரிப்பவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. குட்டி அழுதால் போதும், எலும்பைச் சுரண்டிச் சுரண்டிப் பாலுக்கு அனுப்புவார்கள். அவர்களை அடக்க நீர்நாயின் கழுத்தில் ஒரு காவல்காரி இருந்தாள். "போதும், நிறுத்துங்க" என்று சொல்வதுதான் அவள் வேலை. அவளுடைய தங்கை ஒருத்தி வயிற்றோரம் இருந்துகொண்டு, பசி அடங்கியதும் "போதும், தின்னாதே" என்பாள். அக்காவுக்குத்தான் பாவம், பூஞ்சைக் குரல். பால் என்ற ஒன்றே இல்லாத நாளில் வேலைக்கு வந்தவள். உரக்கச் சொல்ல அவளுக்குத் தேவையே வந்ததில்லை.

நீர்நாய் மூன்று குட்டி போட்டாள். மூன்றும் முட்டி முட்டிக் குடித்தன. இருபதாம் நாள் பாறையில் ஏறும்போது அவளுடைய பின்னங்கால் சுள்ளி போல முறிந்தது.

பக்கத்து மடுவில் ஒரு விலாங்கு மீன் இருந்தாள். கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்தவள். உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டிலும் எலும்பைக் காத்துப் பழகியதால் அவள் கழுத்துக் காவல்காரிக்கு வெண்கலக் குரல். நீர்நாய் நொண்டிக்கொண்டே போய் அவளிடம் அழுதாள்.

"யக்கா, இன்னொரு காலும் போச்சுன்னா நான் எப்படி மீன் பிடிப்பேன்? மூணும் பசியில செத்துப்போகும்க்கா."

நீர்நாய்ச் சாதி விலாங்கைத் தின்னும் சாதி. இருந்தாலும் விலாங்குக்கு மனசு கேட்கவில்லை.

"என்னைத் தின்ன மாட்டேன்னு சொல்லு. தெனமும் வாரேன்."

"எம் பிள்ளைய மேல ஆணை, தின்ன மாட்டேன்."

தினமும் காலையில் விலாங்கு கரையேறி, நீர்நாயின் கழுத்தைச் சுற்றிக்கொள்வாள். அவளுடைய காவல்காரி ஒரே ஒரு சொல்தான் சொல்வாள். அரிப்பவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கால் கூடியது. நீர்நாய் தின்ற மீனின் முள்ளே பாலுக்குப் போதுமானதாக இருந்தது. எலும்பின் காதுகளும் விலாங்கின் குரலுக்கே பழகிவிட்டன. சொந்தக் காவல்காரி பேசினால் அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெளியாள் பேச்சு இனித்துவிட்டால் வீட்டாள் பேச்சு யாருக்குத்தான் ஏறுகிறது?

ஐப்பசி மழையில் ஆறு செம்மண் நிறமாகப் பெருகியது.

"நாளைக்கு நான் கடலுக்குப் போறேன்," என்றாள் விலாங்கு. "வயித்துல முட்டை கட்டிருச்சு. எங்க ஆளுக கடல்லதான் முட்டை போடுவோம். இனி திரும்ப மாட்டேன்."

"எம் பிள்ளைய இன்னும் பால் மறக்கலையேக்கா. ஒரு மாசம் இருந்துட்டுப் போயேன்."

"வெள்ளம் ஒரு மாசம் எனக்காக நிக்குமா, ஏட்டி? உம் பிள்ளையள நீ பாத்த. எம் பிள்ளையள நான் பாக்கணும்லா? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டு."

நியாயமான பேச்சு. நியாயம் என்று நீர்நாய்க்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தாள். மறுநாள் விடைபெற வந்த விலாங்கு வழக்கம்போலக் கழுத்தைச் சுற்றியதும், வெடுக்கென்று அவள் தலையைக் கடித்தாள். குரல் தன் வயிற்றுக்குள் வந்துவிட்டால் பிறகு கடலுக்குப் போகாதல்லவா!

"குரலைத் தின்னா வராதுட்டி..." என்றாள் விலாங்கு. அதற்குமேல் பேச்சு இல்லை.

வயிற்றோரத் தங்கை "போதும், போதும்" என்று சொல்லச் சொல்ல, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றாள். முட்டையையும் தின்றாள். அவளும் ஒரு தாய்தானே என்று சிலர் பரிந்து பேசுகிறார்கள். செத்தவளும் தாய்தான், அவளுக்காகப் பேச ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை.

வயிற்றுக்கு ஆள் தெரியுமா, குரல் தெரியுமா? எல்லாம் கறிதான். காவல்காரியையும் அவள் சொல்லையும் சேர்த்துச் செரித்துவிட்டு, அடுத்த வேளைக்குப் பசித்தது. எலும்பின் காதுகளோ விலாங்கின் சொல்லுக்காகவே காத்துக் கிடந்தன. சொந்தக் காவல்காரி தொண்டை கிழியக் கத்தினாள். பாதிதான் எட்டியது. அரிப்பவர்கள் மறுபடியும் எழுந்தார்கள்.

குட்டிகள் பிழைத்தன. அவை பால் மறந்த பிறகு தாயின் எலும்பும் ஓரளவு தேறியது; நொண்டல் மட்டும் சாகும்வரை போகவில்லை. ஆனால் குட்டிகள் பாலோடு சேர்த்து அந்தக் காதையும் குடித்திருந்தன. அவற்றிடமிருந்து அது பாலூட்டும் சாதி அத்தனைக்கும் வந்தது, நமக்கும் வந்தது. காவல்காரியின் சொல்லுக்கு வைத்தியர்கள் இன்று கால்சிடோனின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; எலும்பு கரைபவர்களுக்கு மீனின் கால்சிடோனினையே மருந்தாகவும் கொடுக்கிறார்கள்.

அன்று பிடித்ததுதான் இது: பால் கொடுக்கும் தாயின் எலும்பு கரைகிறது, அவள் கழுத்திலேயே ஊறும் சொல்லைவிட மீனின் சொல்லுக்குத்தான் அது சட்டென்று அடங்குகிறது, அந்தச் சொல்லையும் வாயால் விழுங்கினால் வயிறு கறியென்று செரித்துவிடுவதால், ஊசியால் குத்தித்தான் உடம்புக்குள் ஏற்றவேண்டியிருக்கிறது.