பட்டியலில் இல்லாத சொற்கள்

"அதுக்கு மதிப்பு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

ரங்கநாயகம் செல்போனை நீட்டினார். திரையில் ஓர் எண் ஏறி இறங்கித் துடித்துக்கொண்டிருந்தது.

உமையாள் அம்மை முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எவ்வளவு காட்டுது?"

"போட்டதுக்கு நாலு மடங்கு."

"அப்ப இருக்குங்க."

"எடுக்க முடியலையேம்மா."

"அப்ப இல்லைங்க."

ரங்கநாயகம் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நொய்யல் கரையில் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு அவர் பதினோரு வருஷமாக வருகிறார். அம்மைக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் பெண்கள் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தவர். ரங்கநாயகத்துக்கு அறுபத்தொன்று. கோயம்புத்தூரில் தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியின் நிதி இயக்குநர். இத்தனை வருஷத்தில் அம்மையிடம் அவர் கேட்டதெல்லாம் மனசைப் பற்றி, மரணத்தைப் பற்றி. தொழிலைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"திங்கக்கிழமை கம்பெனியை மூடறோம்னு கேட்டுல நோட்டீஸ் ஒட்டறாங்க," என்றார். "முந்நூத்தி இருபது பேருக்கு வேலை போகுது. எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க. நான் சொன்னது தப்பே இல்லம்மா. நாலு மடங்கு ஏறியிருக்குது. நான் சொன்னது சரிதான்."

"தப்புன்னு சொன்னது யாரு?"

"கோதண்டராமன்."

அந்தப் பெயரைச் சொன்னதும் அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. மந்தமான காலத்துக்கென்று கம்பெனி ஒதுக்கி வைத்திருந்த பணம் பேங்க்கில் சும்மா கிடந்தது. அதில் பாதியைப் போட்டு பிட்காயின் வாங்கலாம் என்று ரங்கநாயகம் போர்டு கூட்டத்தில் பேசினார்.

"பேங்க் குடுக்கற வட்டி ஆறு பர்சென்ட். விலைவாசி அதைவிட வேகமா ஓடுது. நம்ம பணம் உட்கார்ந்த இடத்துலயே இளைக்குது. இது இவ்வளவுதான்னு அளவு வச்ச காசு. எந்த அரசாங்கமும் இதை அச்சடிச்சுத் தள்ள முடியாது. எந்த பேங்க்கையும் நம்ப வேண்டாம். எந்த ஆளையும் நம்ப வேண்டாம்."

உற்பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கோதண்டராமன். ரங்கநாயகம் சேர்ந்த அதே மாதத்தில் சேர்ந்தவர். முப்பத்து நான்கு வருஷம் ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு.

"யாரையும் நம்ப வேண்டாத காசை வச்சு நாம என்ன பண்றது நாயகம்?" என்றார் அவர். "இரும்புக்காரன் நம்மளை நம்பிச் சரக்கு இறக்கறான். விவசாயி நம்மளை நம்பி மோட்டாரை வண்டியில ஏத்திட்டுப் போறான். அதை வச்சு ஒரு டன் இரும்பு வாங்க முடியுமா? ஒருத்தனுக்கு ஒரு நாள் சம்பளம் குடுக்க முடியுமா?"

"விலை ஏறினா வித்துக் குடுக்கலாம்."

"ஏறலைன்னா?"

"தங்கம் மட்டும் என்ன பண்ணுது? அதுவும் பெட்டிக்குள்ளதான் கிடக்குது."

"தங்கத்தை எங்க வேதா கழுத்துல போட்டுக்கறா."

போர்டு சிரித்தது. பிறகு ஓட்டெடுத்தது. ஐந்து பேரில் மூன்று பேர் வாங்கலாம் என்று கையைத் தூக்கினார்கள்.

வாங்கியதை இடையில் நிற்கும் நிறுவனங்களிடம் விட்டுவைக்க ரங்கநாயகத்துக்கு மனமில்லை. அவை கவிழ்ந்தால்? கம்பெனியே வைத்துக்கொள்வது என்று ஆனது. அதைத் திறக்கும் சாவி இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள். வரிசை மாறாமல் கொடுத்தால் திறக்கும். மறந்துபோனால் திறந்து கொடுக்க உலகத்தில் ஆளில்லை.

பன்னிரண்டு சொற்களை ரங்கநாயகம் வைத்துக்கொண்டார். மற்ற பன்னிரண்டை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது முதலாளி யோசிக்கவே இல்லை.

"கோதண்டத்துகிட்டக் குடுங்க. வேண்டாம்னு சொன்ன ஆளு. தொடமாட்டாரு."

கோதண்டராமன் அந்தச் சீட்டை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் இரும்பு உருக்கும் பவுண்டரிக்குப் போய் உலையில் போட்டுவிட்டார். "நாலாயிரம் உதிரிபாகத்தோட நம்பர் என் தலையில இருக்குது. இது பன்னண்டு வார்த்தை," என்றார். அவர் தலையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எழுதி வைத்தால்தான் ஆபத்து என்று ரங்கநாயகமும் பாராட்டினார்.

போன ஜனவரியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த கோதண்டராமன் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். உயிர் தங்கியது. வலது கை போயிற்று. பேச்சு போயிற்று. ஒரு மாதம் கழித்து ஒன்றிரண்டு சொற்கள் திரும்பி வந்தன. எது எப்போது வாயில் வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

அதே வருஷம் பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனது. பேங்க்கில் இருந்த மறுபாதியும் கரைந்தது. பேங்க் மேனேஜர் ரங்கநாயகத்தின் செல்போன் திரையை மரியாதையாகப் பார்த்துவிட்டு, "இதைப் பார்க்கத்தான் முடியும் சார். இது மேல கடன் குடுக்க முடியாது," என்றார். மூன்று மாதமாக உலை அணைந்து கிடந்தது.

அம்மை கீரைத் தண்டுகளை ஒதுக்கினார்.

"கோதண்டராமனைப் போய்ப் பார்க்கறதுண்டா?"

"தினமும் போறேன்மா. ஒரு நாள் விட்டதில்ல."

"தினமுமா?"

"எட்டு மாசமா."

அம்மை முறத்தைக் கீழே வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"இன்னைக்கு நானும் வர்றேன்."

காரில் ரங்கநாயகமே பேசிக்கொண்டு வந்தார். இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றார். ஒரு சொல் கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடலாம் என்றார். பெங்களூரில் இருந்து கம்ப்யூட்டர் ஆட்களை வரவழைத்ததையும், பன்னிரண்டில் பத்துச் சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனதையும் சொன்னார். அம்மை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோதண்டராமனின் மனைவி வேதவல்லி கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணா." அம்மையைப் பார்த்துக் கும்பிட்டாள். "இப்பத்தான் கண்ணசந்தாருங்க. உங்க கார் சத்தம் கேட்டதும் எந்திரிச்சுட்டாரு."

வழக்கமாக அந்த அறைக்குள் நுழைந்ததும் ரங்கநாயகம் கதவைச் சாத்திக்கொள்வார். சாவிச் சொற்கள் மூன்றாம் ஆள் காதில் விழக்கூடாது. இன்று அம்மை பின்னாலேயே வந்து வாசற்படியருகே உட்கார்ந்துகொண்டதால் கதவைச் சாத்த முடியவில்லை.

கோதண்டராமன் நாற்காலியில் இருந்தார். ரங்கநாயகத்தைக் கண்டதும் இடது கையை ஊன்றித் தன்னை நிமிர்த்திக்கொண்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட முயன்றார். முடியவில்லை, விட்டுவிட்டார்.

ரங்கநாயகம் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். தேதியை எழுதினார். பேனாவோடு காத்திருந்தார்.

"ரி...ரிவர்," என்றார் கோதண்டராமன்.

எழுதினார்.

"டைகர்."

எழுதினார்.

"ரிவர்."

"அது சொல்லிட்ட. வேற."

கோதண்டராமனின் நெற்றி வியர்த்தது. உதடுகள் எதையோ தேடின. தாடையோரம் எச்சில் வழிந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

"பம்ப்."

ரங்கநாயகம் எழுதினார். எழுதி, அதன் மேல் ஒரு கோடு கிழித்தார்.

"ஏன் அடிச்சீங்க?" என்று அம்மை கேட்டார்.

"பட்டியல்ல இல்லைங்கம்மா. மொத்தமே ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு வார்த்தைதான். அதுக்குள்ள இல்லாதது சாவியா இருக்கவே முடியாது. அதனால எல்லாத்தையும் எழுதிட்டு, இல்லாததை அடிச்சுடுவேன்."

"பட்டியலை அவர்கிட்டக் காட்டலாமே?"

"காட்டினேன். ஒவ்வொண்ணா விரலை வச்சுக் காட்டினேன். எதைக் காட்டினாலும் ஆமாங்கறான்."

"நோட்டைக் குடுங்க."

ரங்கநாயகம் தயங்கினார். பிறகு கொடுத்தார்.

பக்கத்துக்கு ஒரு தேதி. கோணலில்லாத கையெழுத்து. அம்மை முதல் பக்கத்தைத் திறந்து, கோடு கிழித்த சொற்களை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"பிப்ரவரி ஒன்பது. தண்ணி. வலி. தண்ணி."

பக்கத்தைத் திருப்பினார்.

"பிப்ரவரி பத்து. கால். கால். கால்."

"பிப்ரவரி பதினாலு. நாயகம். நாயகம். உக்காரு."

"அம்மா, அதெல்லாம் எதுக்கு," என்றார் ரங்கநாயகம்.

"பிப்ரவரி இருபது. வேதா. வேதா எங்க."

காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்த வேதவல்லி அப்படியே நின்றாள்.

"என் பேரைச் சொன்னாருங்களா?"

அம்மை நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை வரலைங்க," என்றாள் அவள். "பேர் மறந்துபோச்சுன்னுதான் இத்தனை நாள் நினைச்சுட்டிருந்தேன். எப்பச் சொன்னாரு? நான் அடுப்படியிலதானே இருந்தேன்."

அம்மை பக்கத்தைத் திருப்பினார்.

"மார்ச் ரெண்டு. பயம். நாயகம், பயம்."

"மார்ச் பதினேழு. சாப்பிட்டியா."

"ஏப்ரல் அஞ்சு. போதும். நாளைக்கு. போதும்."

"மே பன்னண்டு. போதும்."

அதற்கப்புறம் பக்கங்களைத் திருப்பும் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஜூன். ஜூலை. ஆகஸ்ட். அம்மையின் விரல் ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழே இறங்கியது.

"ஜூனுக்கப்புறம் இன்னைக்கு அந்த பம்ப்பைத் தவிர அடிச்சது ஒண்ணும் இல்லைங்க," என்றார் அம்மை. "எல்லாம் பட்டியல்ல இருக்கற வார்த்தை."

நோட்டை மூடி ஸ்டூலின் காலடியில் வைத்தார்.

அந்தச் சொற்களை எல்லாம் காதால் கேட்டவர் ரங்கநாயகம்தான். கையால் எழுதியவரும் அவர்தான். வேதா எங்க என்று கேட்ட முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தார். வரவில்லை. கோடு நேராக வந்ததா என்று பார்த்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

பேனா கையிலிருந்து நழுவிக் கோதண்டராமனின் மடியில் விழுந்தது.

ரங்கநாயகம் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். நண்பரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அது அவ்வளவு இளைத்திருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"கோதண்டம்."

கோதண்டராமன் அவரைப் பார்த்தார்.

"உனக்கு என்னப்பா வேணும்? சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு."

கோதண்டராமன் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தார். உதடுகள் கூடின, பிரிந்தன, மறுபடி கூடின. வேதவல்லி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"ஆப்பிள்," என்றார்.

"அது இல்லப்பா." ரங்கநாயகம் தலையை ஆட்டினார். "அது வேண்டாம். உனக்கு என்ன வேணும்னு கேக்கறேன்."

தலையாட்டியதைக் கோதண்டராமன் பார்த்துவிட்டார். கண்களில் கலவரம் வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டார்.

"ரிவர். டைகர். விண்டோ. ஆ...ஆரஞ்ச். ரிவர்."

"கோதண்டம், போதும்."

"கேமரா. விண்டர். டைகர்."

"போதும்ப்பா."

கோதண்டராமன் இடது கையால் மடியைத் துழாவினார். பேனா அகப்பட்டது. அதை எடுத்து ரங்கநாயகத்தின் விரல்களுக்கு இடையில் வைத்து, அவர் கையை மெல்லத் தள்ளி, நோட்டைக் காட்டினார்.