சுனைக்கரையில் அழுங்கு சுருண்டது

விலங்குகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு வருஷம் மழை பொய்த்தது. காட்டில் மிஞ்சியது ஒரே ஒரு சுனை. பறவைகள் மலைக்கு அப்பால் பறந்துவிட்டன. பாம்பும் உடும்பும் பனியை நக்கிக்கொள்வதாகச் சொல்லி ஒதுங்கின. குட்டிக்குப் பால் கொடுப்பவர்களுக்கே சுனை என்று முடிவாயிற்று. எல்லாரும் ஒன்றாக இறங்கினால் சேறுதான் மிஞ்சும். ஆகவே கூட்டம் கூட்டமாகப் பிரிந்து, முறை வைத்துக் குடிக்க வேண்டும்.

பிரிக்கும் வேலை கருமந்திக்கு. வாயைத் திறந்து பார்க்க விரல் உள்ளவன் அவன்தான்.

எறும்பும் கறையானும் தின்று பிழைக்கும் அழுங்கு எல்லாருக்கும் முன்பே வந்துவிட்டாள். வாலின் மேல் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகப் பால் வற்றிக்கொண்டு வந்தது. இன்று தண்ணீர் கிடைக்காவிட்டால் நாளைக்குப் பால் இல்லை. அது அவளுக்குத் தெரியும். குட்டிக்குத் தெரியாது.

"வாயைத் திற! பல்லைக் காட்டு! காலைத் தூக்கு!" கருமந்தி பாறைக்குப் பாறை தாவினான்.

உளிபோல் முன்பல் உள்ளவர்கள் ஒரு பக்கம். எலி ஓடியது, அணில் ஓடியது. முள்ளம்பன்றியும் அங்கேதான் என்றதும் எலிகள் அலறின.

"ஐயோ அண்ணே, குத்துமே!"

"முள்ளை யார் கேட்டா? பல்லைப் பாரு!"

பிளந்த குளம்புக்காரர்கள் இன்னொரு பக்கம். "பன்றி எங்களுக்குச் சொந்தமா?" என்று மான் மூக்கைச் சுருக்கியது. "குளம்பைப் பாத்துப் பேசுங்க மச்சான்" என்று பன்றி காலை நீட்டிக் காட்டியது. கோரைப்பல் கூட்டத்தில் புலிக்கும் கரடிக்கும் நடுவே கீரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. வௌவால் தோல் சிறகை விரித்துத் தனி இடம் வாங்கியது. தும்பிக்கையைத் தூக்கியதுமே யானைக்கும் தனி இடம்.

இத்தனை உறவு இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது! காடே கூச்சலிட்டது. அழுங்கும் தலையை நீட்டி ஒவ்வொரு கூட்டமாகப் பார்த்தாள். எனக்கும் யாராவது இருப்பார்கள்.

கருமந்தி அவளை அழைத்தான். வாயைத் திறந்தாள். அவன் விரலை விட்டுத் துழாவினான்.

"பல்லே இல்லையே!"

"எறும்புக்குப் பல் எதுக்குண்ணே?"

காலைப் பார்த்தான். குளம்பு இல்லை. மண் தோண்டும் நீள நகம். முதுகைத் தட்டினான். டக், டக் என்றது.

"செதில்! நீ உடும்புக்குச் சொந்தம். கிளம்பு."

"குட்டிக்குப் பால் கொடுக்கிறேண்ணே."

"செதில் வச்சுக்கிட்டுப் பாலா? நாளைக்கு மீனும் வந்து இதையே சொல்லும்!"

கூட்டம் சிரித்தது. அவள் நகரவில்லை. கருமந்தி சிறுத்தைக்குக் கண்ணைக் காட்டினான்.

சிறுத்தை பாதத்தை ஓங்கிக்கொண்டு வந்தது. அதுவரை எந்த அழுங்கும் செய்யாத ஒன்றை அவள் அப்போது செய்தாள். குட்டியை வயிற்றோடு இழுத்து, தலையைக் கவிழ்த்து, வாலால் தன்னையே சுற்றி மூடிக்கொண்டாள். சிறுத்தை உருட்டியது. கடித்தது.

"ஐயோ, என் பல்லு!"

இந்த முறை எலிகள் சிரித்தன.

உருண்டை ஒரு பாறையில் மோதி நின்றது. கருமந்தி அருகே போய்க் குனிந்தான். சட்டென்று கையை உயர்த்தினான். "யாரும் சத்தம் போடாதீங்க."

உள்ளிருந்து கேட்டது. சப், சப், சப்.

காட்டெருமை காதை விடைத்தது. புலி தன் குட்டியைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தம் தெரியாத தாய் அங்கே யாரும் இல்லை.

"திற தாயீ. ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேன்."

"காதால கேட்டீங்கல்ல, போதும்" என்றது உருண்டை. "குட்டி இப்பத்தான் வாய் வச்சிருக்கு."

கருமந்தி தலையைச் சொறிந்தான். பல்லால் யாரோடும் சேரவில்லை, காலாலும் சேரவில்லை. பாலால் எல்லாரோடும் சேர்ந்துவிட்டாள். பாறை மேல் ஏறிக் கத்தினான்: "அழுங்கு தனிக் கூட்டம்!"

"ஒரு ஆளுக்கு ஒரு கூட்டமா?" என்றது மான்.

"ரெண்டு ஆளு மச்சான். எண்ணத் தெரியாதா?" என்றது பன்றி.

அவள் சுனையில் தனியாக இறங்கி, வயிறு நிறையக் குடித்தாள். மற்றவர்கள் கரையில் காத்து நின்றார்கள்.

அன்று முதல்தான் அழுங்கு எந்தக் கூட்டத்திலும் சேராமல் தனியே நடமாடுகிறது. யார் தொட்டாலும் உருண்டையாகிவிடுகிறது. யார் கேட்டாலும் திறப்பதில்லை. உள்ளே குட்டி இருக்கலாம்.