கோழிச்சூடு யார்?

முன்னொரு காலத்தில், அதாவது போன வியாழக்கிழமை வரை, முட்டைகளை அடைகாக்கும் ஒரு மின்பெட்டியின் கணினிக்குள், பிழை தேடும் டீபக்கர் என்றொருவர் உத்தியோகம் பார்த்துவந்தார். பெட்டியை இயக்கும் நிரலில் கோளாறு வந்தால் உள்ளே போய், நினைவகத் தெருவில் வீடுவீடாகக் கதவைத் தட்டி, எந்த வீட்டில் என்ன மதிப்பு குடியிருக்கிறது என்று நிரலை எழுதிய பிலோமினாவுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கே மனிதருக்கு அத்தனை மிடுக்கு.

அந்த வியாழக்கிழமை மின்பெட்டியில், பொரிக்கும் தறுவாயில் நூற்றிருபது முட்டைகள். சூடு ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் பத்து நிமிஷம் போனால் குஞ்சு கிடையாது, அவித்த முட்டைதான்.

"எங்கே தப்புன்னு சீக்கிரம் பாருங்க!" என்று பிலோமினா அலறினாள்.

டீபக்கர் அவசரப்படவில்லை. தெரு முழுக்க நிதானமாகத் தட்டிக்கொண்டு வந்தார். கடைசி வீட்டுப் பெயர்ப்பலகையில் ‘கோழிச்சூடு’ என்று இருந்தது. எந்தெந்த வகை மதிப்புகளை வாசிக்கலாம் என்று சொல்லும் வகைப் பட்டியலைப் புரட்டினார். முழு எண், தசம எண், எழுத்து எல்லாம் இருந்தன. கோழிச்சூடு மட்டும் இல்லை.

"இப்படியொரு வகையே கிடையாது. வாசிக்க முடியாது," என்று எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

"ஐயா, கதவு திறந்துதானே கிடக்கு! எட்டிப் பாருங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பட்டியல்ல இல்லாத வீட்டை நான் பார்க்கக் கூடாது."

"அது பிலோமினாக்கா ஆசையா வச்ச பேருங்க!"

"ஆசைக்கெல்லாம் பட்டியல்ல இடமில்லே."

"உங்க பேரு இருக்கா அதுல?"

டீபக்கர் சிரித்துக்கொண்டே புரட்டினார். இல்லை. மறுபடி புரட்டினார். அட்டையின் பின்பக்கத்தையும் பார்த்தார். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"அப்போ நான் இல்லவே இல்லையா?" என்றார். பயந்தேவிட்டார், பாவம்.

"இருக்கீங்க ஐயா, குத்துக்கல்லாட்டம் முன்னாடி நிக்கிறீங்க. அப்படித்தான் நானும். யாருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து கேட்காத கேள்வி அது. வெட்கத்தோடு கேட்டார். "சரி, கோழிச்சூடுன்னா யாரு?"

"சூடு."

"சூடுன்னா?"

"முழு எண்."

"அட, முழு எண்ணா! அதைத்தானே தினமும் வாசிக்கிறேன்!" என்று கத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். முப்பத்தேழு இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்துமூன்று சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

அவர் போட்ட கூச்சலில் பிலோமினா அதை மாற்றினாள். சூடு மெல்ல இறங்கியது. ஆனால் முட்டைகள் பிழைத்தனவா, வெந்துபோயினவா? யாருக்கும் தெரியவில்லை.

டீபக்கருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நினைவகத் தெருவைத் தாண்டாத மனிதர், முதல்முறையாகத் தாண்டினார். முதல் முட்டையின் முன்னால் போய் நின்றார். மேலே ‘முட்டை’ என்று முத்திரை குத்தியிருந்தது.

அவர் பட்டியலைத் திறக்கவில்லை. முட்டையோட்டை மெதுவாகத் தட்டினார்.

"முட்டைன்னு போட்டிருக்கு. சரி, உள்ளே யாரு?"

"கீச்!"